கிணற்றடியில் தொடங்கும் மாசிப் பட்டம்

வடகிழக்குப் பருவமழை விட்டுச்சென்ற தண்ணீரை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் மழையே இல்லாத நான்கு மாதங்களைக் கடக்கும் வெள்ளாமைதான் மாசிப் பட்டக் காய்கறி. தையில் நிலத்தைத் திருத்தி, மாசியில் நட்டு, பங்குனிக் கடைசியில் பறிப்பைத் தொடங்கி, வைகாசி வரை காய் எடுப்பது இதன் வழக்கம். ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், தாராபுரம் வட்டாரங்களில் செம்மண்ணும் சரளையும் கலந்த தோட்டங்களில் வெண்டை, கத்தரி, தக்காளி, கொத்தவரை, சின்ன வெங்காயம், பந்தல் காய்கள் எல்லாம் இந்தப் பட்டத்தில் போகும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கையடக்கமாகப் பாடுபடும் குடும்பங்களுக்குக் கோடைச் செலவைத் தாங்குவது இந்த வருமானம்தான்.

இந்தப் பட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. மாசியில் கிணறு நிறைந்திருக்கும், செடியோ கையளவு நாற்றாக இருக்கும். செடி வளர்ந்து பூவும் பிஞ்சுமாகத் தண்ணீரை அதிகம் கேட்கும் காலம் சித்திரை. கிணறு அடி காணுவதும் அதே சித்திரையில்தான். ஆகவே தை மாதத்துக் கிணற்றைப் பார்த்து எத்தனை பாத்தி போடலாம் என்று முடிவெடுப்பவர் பாதிப் பறிப்பில் செடியைக் காயவிட நேர்கிறது. தயாரிப்பு வேலை என்றதும் ஏர், எரு, விதை என்றுதான் பேச்சு ஓடும். முதல் வேலை கிணற்றடியில் இருக்கிறது.

கிணற்றின் கணக்கு கடினமானது அல்ல. ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,047 சதுர மீட்டர். அதன்மேல் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் அது 4,047 லிட்டர். தமிழகத்தின் உள்மாவட்டங்களில் சித்திரை வெயிலுக்கு முழுதாகப் படர்ந்த காய்கறிப் பயிர் ஒரு நாளைக்கு 5, 6 மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஆக, ஒரு ஏக்கருக்கு நாளொன்றுக்கு 20,000 முதல் 25,000 லிட்டர் வேண்டும். இது வேர்க்காலுக்குப் போய்ச் சேரவேண்டிய தண்ணீர். வாய்க்காலில் பாய்ச்சினால் வழியில் குடிக்கும் மண்ணுக்கும் சேர்த்து ஏறக்குறைய இரட்டிப்பாக இறைக்கவேண்டியிருக்கும்.

இதே கணக்கைக் கிணற்றுக்குத் திருப்பலாம். 30 அடிக்கு 30 அடி சதுரக் கிணற்றில் ஒரு அடி உயரத் தண்ணீர் 900 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று பெருக்கினால் சுமார் 25,000 லிட்டர் வருகிறது. அதாவது அந்தக் கிணற்றில் ஒரு அடித் தண்ணீர், கோடை உச்சத்தில் ஒரு ஏக்கர் காய்கறிக்கு ஒரு நாள். 20 அடிக்கு 20 அடிக் கிணறு என்றால் ஒரு அடிக்கு 11,000 லிட்டர்தான் தேறும், அரை ஏக்கரைத் தாண்ட முடியாது. பஞ்சாங்கத்தில் பட்டம் பார்ப்பவர்கள் இந்த ஒரு பெருக்கலையும் போட்டுப் பார்த்தால் பல தோட்டங்களின் பரப்பு தானாகச் சுருங்கிவிடும்.

நிற்கும் தண்ணீரைவிட முக்கியம் ஊறும் தண்ணீர். அதை அளக்க ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும். மாலையில் மோட்டாரை ஓட்டி, கிணறு நன்றாக இறங்கியதும் நிறுத்தி, கல் கட்டிய கயிற்றை விட்டு, தண்ணீர் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட வேண்டும். விடிந்ததும் மீண்டும் விட்டுப் பார்த்தால், இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே இருப்பது அந்த இரவின் ஊற்று. தையில் ஓர் இரவுக்கு இரண்டு அடி ஊறும் கிணறு சித்திரையில் அரை அடிகூட ஊறாமல் போவதுண்டு. எவ்வளவு குறையும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது, அந்தந்தக் கிணற்றின் சென்ற கோடைதான் சொல்லும். போன சித்திரையில் எத்தனை படி வெளியே தெரிந்தது, துணி துவைக்கும் கல்லுக்குத் தண்ணீர் எட்டியதா என்பதெல்லாம் வீட்டுப் பெண்களுக்குத் துல்லியமாக நினைவிருக்கும். அதைக் கேட்டு எழுதி வைப்பது தயாரிப்பில் ஒரு பகுதி.

ஆழ்துளைக் கிணறாக இருந்தால் 200 லிட்டர் டிரம்மைக் குழாயடியில் வைத்து நொடியை எண்ணலாம். 100 நொடியில் நிரம்பினால் நொடிக்கு இரண்டு லிட்டர், மணிக்கு 7,200 லிட்டர். போர்த் தண்ணீர் தொடங்கும்போது காட்டும் வேகம் இரண்டு மணி நேரம் கழித்து இருப்பதில்லை. ஆகவே மோட்டார் காற்று வாங்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்னால் ஒருமுறை டிரம்மை நிரப்பிப் பார்ப்பதே நம்பத்தக்க அளவு. முதல் ஐந்து நிமிடத்து வேகத்தை நம்பி நட்டவர்கள்தான் பங்குனியில் இன்னொரு போர் போட வண்டி கூப்பிடுகிறார்கள். தமிழகத்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு கடினப்பாறை. பாறையில் தண்ணீர் நிற்பது வெடிப்புகளிலும் மேலே மக்கிய அடுக்கிலும் மட்டுமே. ஆயிரம் அடி இறக்கினாலும் வெடிப்பைத் தொடாவிட்டால் புகைதான் வரும், தோட்டத்தின் பத்து வருட லாபம் ஒரே இரவில் தூசியாகப் பறந்துவிடும்.

நீரின் அளவோடு அதன் குணத்தையும் பார்த்துவிட வேண்டும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால் உப்பின் அளவு தெரியும். கிணறு இறங்க இறங்க உப்பு ஏறும் என்பது இந்த வட்டாரத்தில் பலர் நாக்கால் அறிந்த செய்தி. காய்கறிகளில் பீன்ஸ் வகை உப்பைச் சிறிதும் தாங்காது, தக்காளி ஓரளவு தாங்கும், பீட்ரூட் நன்றாகவே தாங்கும். தையில் இனிப்பாக இருக்கும் தண்ணீரை நம்பி அவரை வகைகளைப் போட்டால் சித்திரையில் இலை ஓரம் கருகும்போதுதான் காரணம் புரியும்.

அடுத்தது எவ்வளவு பரப்பில் எதை நடுவது என்ற முடிவு. விதைதான் எல்லாம், சந்தை விலைதான் எல்லாம் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவற்றுக்கும் இடம் உண்டு. ஆனால் தண்ணீர் நின்றபின் நல்ல விதைக்கும் நல்ல விலைக்கும் தோட்டத்தில் வேலை இல்லை. ஆகவே பயிரைத் தேர்ந்தெடுக்கும்போது அது தோட்டத்தை எப்போது காலிசெய்யும் என்ற கேள்வியை முதலில் கேட்பது நல்லது.

அரைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் அறுப்புக்கு வந்துவிடும். சின்ன வெங்காயம் 65 முதல் 70 நாள். மாசி முதல் வாரத்தில் ஊன்றினால் சித்திரை முதல் வாரத்தில் காயப்போட்டுவிடலாம், கிணறு அடி காணுவதற்கு முன்பே அது நிலத்தைவிட்டு வெளியேறிவிடுகிறது. வெங்காயத்தின் வேர் மேலாக ஓடுவதால் அடிக்கடி தண்ணீர் கேட்கும் என்பது உண்மை, ஆனால் கேட்பது கிணற்றில் தண்ணீர் இருக்கும் மாதங்களில். வெண்டை 45 நாளில் காய்ப்புக்கு வந்து மூன்று மாதத்தில் முடியும். கொத்தவரையும் ஏறக்குறைய அதே காலம்தான், ஆனால் தண்ணீர் இரண்டு நாள் தவறினாலும் முகம் சுளிக்காது. பூசா நவ்பகார் ரகக் கொத்தவரை சிறு தோட்டங்களில் பரவலாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கத்தரி வேறு மாதிரி. நட்ட இரண்டாம் மாதத்தில் காய்க்கத் தொடங்கி ஐந்து மாதம் வரை நிற்கும். சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று வறண்ட மாதங்களையும் அது குடித்துத் தீர்க்க வேண்டும். வாரந்தோறும் கைக்குப் பணம் வரும் பயிர் என்பதால் எல்லாரும் விரும்புவார்கள். கிணறு சொல்லும் பரப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கத்தரிக்குக் கொடுப்பது துணிச்சல்.

தக்காளியில் சிக்கல் தண்ணீரோடு நிற்பதில்லை. பகல் வெப்பம் 35 டிகிரியை நெருங்கி இரவும் குளிராமல் போனால் மகரந்தம் செத்து, பூ காம்போடு உதிர்கிறது. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அந்தப் பூ நிற்காது. அதனால் சமவெளித் தக்காளியைத் தை கடைசியிலேயே நட்டுவிட வேண்டும், பூக்கும் காலம் பங்குனி வெயிலுக்கு முன்னால் வந்தாக வேண்டும். மாசி பிற்பாதியில் நடும் தக்காளி, வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டை நோய்க்கும் சூட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 தக்காளி, தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து பிறந்தது. பழம் கெட்டியாக இருப்பதால் தூரத்துச் சந்தைக்கும் தாங்கும். இப்போது வட்டாரம் முழுக்க ஒட்டு ரகங்களின் ஆட்சி.

பரப்பு முடிவானதும் உழவு. பருவமழையின் ஈரம் மண்ணுக்குள் மிச்சமிருக்கும்போதே, கட்டி எழாமலும் சேறு ஒட்டாமலும் இருக்கும் பதத்தில் உழ வேண்டும். ஒரு பிடி மண்ணை அள்ளி உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் அது நாலைந்தாக உடைய வேண்டும். அப்படியே கிடந்தால் ஈரம் அதிகம், உருண்டையே சேராவிட்டால் காலம் கடந்துவிட்டது. முதலில் சட்டிக் கலப்பையோ ஐந்து கலப்பையோ ஓட்டி, ஒரு வாரம் ஆறப்போட்டு, பிறகு ஒன்பது கலப்பை ஓட்டுவது பழகிய முறை.

மண் மாதிரி எடுப்பதாக இருந்தால் எருவைக் கொட்டுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடங்களில், வரப்போரமும் மரநிழலும் பழைய எருக்குவியல் கிடந்த இடமும் தவிர்த்து, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டிச் சேர்த்துக் கலந்தால் அரை கிலோ போதும்.

இங்கே ரோட்டவேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு ஓட்டில் மண் மாவாகிவிடுகிறது, பார்க்க அழகாக இருக்கிறது, வாடகையும் கட்டுப்படியாகிறது. ஆனால் அதன் கத்தி நாலைந்து அங்குலத்துக்குக் கீழே போவதில்லை. ஆண்டுதோறும் அதே ஆழத்தில் சுற்றிச் சுற்றி, அதற்கடியில் தார் போட்டதுபோல் ஒரு கெட்டித் தட்டு உருவாகிறது. மழைத் தண்ணீர் அந்தத் தட்டுக்குக் கீழே இறங்காமல் ஓடிவிடும், வேரும் இறங்காது. கிணற்றுக்குப் போகவேண்டிய தண்ணீரும் மண் பிடித்துவைக்க வேண்டிய தண்ணீரும் ஒரே தட்டில் மோதி வீணாகின்றன. ஒரு கம்பியை எடுத்து மண்ணில் குத்தினால் எந்த ஆழத்தில் நின்றுவிடுகிறது என்று கையே சொல்லும். ஒரு சாண் ஆழத்துக்குள் நின்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது உளிக் கலப்பை இழுத்து ஒன்றரை அடி வரை கீறிவிட வேண்டும். அதை உலர்ந்த மண்ணில் செய்தால்தான் தட்டு உடையும். எனவே அந்த வேலை மழைக்கு முந்தைய கோடைக்கு உரியது, தையில் நினைவு வந்தால் அடுத்த கோடைக்குக் குறித்து வைக்கலாம்.

எருவின் சிபாரிசு ஏக்கருக்கு 10 டன் மக்கிய தொழுஉரம். கேட்க எளிது. ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டால் ஆண்டுக்கு மூன்றரை டன், அது மக்கி ஆறும்போது பாதியாகும். ஆறு மாடு கட்டியிருப்பவர்தான் ஒரு ஏக்கருக்குச் சொந்த எருவால் ஈடுகொடுக்க முடியும். இரண்டு மாடு வைத்திருப்பவர் விலைக்கு வாங்குகிறார், அல்லது ஆட்டுக்கிடை போடுகிறார். கீதாரிகள் ஓட்டிவரும் ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்து, இடம் மாற்றி மாற்றிப் படுக்கவைப்பது கிடை. புழுக்கையோடு மூத்திரமும் நேராக மண்ணுக்குள் இறங்குவதால் எரு ஏற்றும் கூலியும் மிச்சம். கிடை எழுந்த மறுநாளே மேலாக ஒரு உழவு ஓட்டிவிட வேண்டும், வெயிலில் கிடந்தால் சத்தில் நல்ல பங்கு காற்றோடு போய்விடும்.

எரு பயிருக்குச் சத்து என்றே பேசப்படுகிறது. செம்மண்ணிலும் சரளையிலும் அதன் பெரிய வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பது. எருக் கண்ட நிலம் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரில் சமாளிக்கும் இடத்தில், எருக் காணாத பக்கத்து நிலம் தினமும் வாய் திறக்கும். எருவில் மிச்சம்பிடிப்பவர் அதைத் தண்ணீரில் கட்டிவிடுகிறார். 10 டன் கிடைக்காதவர்கள் இருப்பதை நிலம் முழுக்கத் தூவாமல் பாரின் நடுக்கோட்டில், செடி நிற்கும் இடத்தில் மட்டும் போடுவது புத்திசாலித்தனம். கார்த்திகையில் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்திருந்தால், அது பூவெடுக்கும்போது மடக்கி உழுதுவிட்டு, இரண்டு மூன்று வாரம் மக்கவிட்டுப் பார் பிடிக்கலாம். பச்சையாக எதைப் போட்டாலும் கரையான் கூடும், வேப்பம்பிண்ணாக்கு ஏக்கருக்கு 100 கிலோ கடைசி உழவில் சேர்ப்பது அதற்காகவும் நூற்புழுவுக்காகவும்தான்.

பார் பிடிப்பதும் சொட்டுக்குழாய் விரிப்பதும் சேர்ந்து நடக்கும் வேலை. சிறு, குறு விவசாயிச் சான்று உள்ளவர்களுக்குத் தமிழகத்தில் நுண்ணீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் கிடைப்பதால் குழாய் இல்லாத தோட்டம் குறைந்துவருகிறது. நாலு அடிக்கு ஒரு பார், பார் மேல் ஒரு குழாய் என்று போட்டால் 25 சென்ட்டுக்கு 830 மீட்டர் அளவில் குழாய் வேண்டும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு துளை, மணிக்கு இரண்டு லிட்டர் என்றால் 2,000-க்குச் சற்று மேற்பட்ட துளைகளில் மணிக்கு 4,000 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். சித்திரையில் அந்த 25 சென்ட் கேட்பது 5,000 லிட்டர். ஒன்றேகால் மணி நேரம் ஓட்டினால் போதும், அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் கிணற்றிலிருந்து எடுத்து வேருக்குக் கீழே ஊற்றுவது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் முழுக்க மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கும் பழக்கம் வாய்க்கால் பாசனத்திலிருந்து வந்தது. உழவுக்கு மின்கட்டணம் இல்லை என்பதால் அந்தப் பழக்கத்தின் விலை எந்த ரசீதிலும் வருவதில்லை.

போன போகத்துக் குழாயையே மீண்டும் விரிப்பவர்கள் கடைசி மூடியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வரிசையாகத் தண்ணீரைப் பீய்ச்சி அலச வேண்டும். முதலில் செம்பழுப்பாகச் சகதி வரும், பிறகு வெள்ளைத் துகள்கள் வரும். துளைவாயில் சுண்ணாம்புபோல் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளை, கிணற்று உப்பின் கையெழுத்து. ஆசிட் விட்டுக் குழாயை ஓர் இரவு நிறுத்திவைத்து மறுநாள் அலசினால் பெரும்பாலும் கரைந்துவிடும். அடைப்பெடுக்காமல் விரித்தால் ஒரே வரிசையில் ஒரு செடி செழித்தும் அடுத்த செடி சோர்ந்தும் நிற்கும். சோர்ந்த செடிக்காக மோட்டார் நேரத்தைக் கூட்டுவார்கள், செழித்த செடியின் காலில் வேர் அழுகும்.

நிலப்போர்வை என்ற பிளாஸ்டிக் தாளைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதில் பெரும்பகுதி சரிதான். கறுப்பும் வெள்ளியுமான அந்தத் தாள் ஆவியாகும் தண்ணீரைத் தடுக்கிறது, களை எடுக்கும் கூலியைக் கிட்டத்தட்ட இல்லாமல் செய்கிறது. கோடைப் பட்டத்தில் வெள்ளிப் பக்கம் மேலே இருக்க வேண்டும், கறுப்பு மேலே இருந்தால் நாற்றின் கழுத்து வெந்துவிடும். விரிப்பதற்கு முன் ஒருமுறை தண்ணீரை ஓட்டி, எந்தத் துளை அடைத்திருக்கிறது என்று பார்த்துவிடுவது அவசியம், தாளுக்குக் கீழே போனபின் கண்ணுக்குத் தெரியாது. மெல்லிய தாள் ஒரு போகத்திலேயே நைந்து மண்ணோடு கலக்கிறது. அதைப் பொறுக்க ஆள் கூலி ஆகும் என்று ரோட்டவேட்டரை மேலேயே ஓட்டிவிடும் நிலங்களில், உழுசாலில் சரிகைபோல் மினுமினுக்கும் துண்டுகள் கிடக்கின்றன. தென்னை மட்டை, கரும்புச் சோகை, வைக்கோல் கிடைக்கும் இடத்தில் அவற்றை மூன்று அங்குலக் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினால் ஈரக் காப்பில் பெரிய குறை இராது. கரையானும் எலியும் கூடவே வரும், அந்தத் தொல்லைக்குத் தயாராக இருக்க வேண்டும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே நாற்று வளர்ந்துகொண்டிருக்க வேண்டும். குழித்தட்டில் தென்னைநார்க் கழிவில் வளரும் தக்காளி நாற்று 25 நாளிலும், கத்தரியும் மிளகாயும் 35 நாள் வாக்கிலும் நடவுக்கு வரும். மாசி ஒன்றாம் தேதி நடவு என்றால் கத்தரி விதை மார்கழிக் கடைசி வாரத்திலேயே, பொங்கல் பண்டிகையின் பரபரப்புக்கு முன்னாலேயே, தட்டில் விழுந்திருக்க வேண்டும். நாற்றுப் பண்ணையில் வாங்குபவர்கள் 98 குழித் தட்டிலிருந்து நடுவரிசையில் ஒன்றைத் தண்டோடு பிடித்து மெல்ல உருவிப் பார்க்கலாம். மண்கட்டி உடையாமல் கூம்பாக வர வேண்டும், அதைச் சுற்றி வெள்ளை வேர் வலைபோல் பின்னியிருக்க வேண்டும். வேர் பழுப்பேறிச் சுருண்டிருந்தால் நாற்றுக்கு வயதாகிவிட்டது. தண்டு வெளிறி நீண்டிருந்தால் நிழல்வலைக்குள் நெருக்கியடித்து வளர்ந்தது, வெளி வெயிலில் முதல் நாளே தலை சாயும். வீட்டில் வளர்ப்பவர்கள் கடைசி ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டி, நாற்றைக் காய்ச்சி எடுப்பார்கள். கோடை நடவில் அந்த ஒரு வாரத்துப் பட்டினி பிறகு பல நாள் தண்ணீரைக் காப்பாற்றும்.

நேரடியாக ஊன்றும் வெண்டை, கொத்தவரை விதைகளுக்கு ஒரு கிலோவுக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா கலந்து நிழலில் உலர்த்தினால் வேரழுகல் குறையும். வெண்டையில் ரகத்தைத் தேர்வு செய்யும்போது மஞ்சள் நரம்புத் தேமல் நோயை மறக்கக் கூடாது. கோடையில் அது வெள்ளை ஈயோடு வந்து தோட்டத்தையே மஞ்சளாக்கும். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா அதைத் தாங்கும் ரகமாக வெளிவந்தது, பல இடங்களில் அந்தத் தாங்குதிறன் இப்போது தளர்ந்திருக்கிறது.

நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளமோ மக்காச்சோளமோ ஊன்றிவிட வேண்டும். வெள்ளை ஈ தாழப் பறந்து வரும் வழியை அது மறிக்கிறது. வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கும்போது, அதுவரை நிற்கும் கத்தரிக்கும் பந்தலுக்கும் அதே வேலி காற்றுத் தடுப்பாகிறது. காற்று உறிஞ்சும் தண்ணீர் வெயில் உறிஞ்சுவதற்குக் குறைந்ததல்ல. மயிலுக்கு மட்டும் இந்த வேலி போதாது. விதை ஊன்றிய முதல் பத்து நாள், வலையோ காவலோ இல்லாத தோட்டத்தில் வெண்டை முளையை மயில் வரிசை பிசகாமல் எண்ணி எடுத்துவிடும்.

நடவை மாலையில், பார் நனைந்த பிறகு செய்ய வேண்டும். நட்டவுடன் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர். அதன் பிறகு முதல் மூன்று வாரம் கை கட்டிக்கொண்டு இருப்பதுதான் கடினம். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, செடி சிறிதாக இருக்கிறது, நிறையக் கொடுத்தால் சீக்கிரம் வளரும் என்று தோன்றும். மேலாகவே ஈரம் கிடைத்துப் பழகிய வேர் கீழே இறங்காது. மண்ணை ஒரு விரல் ஆழம் கிளறிப் பார்த்து, அங்கே ஈரமிருந்தால் அன்றைய தண்ணீரை நிறுத்திவிடலாம்.

எல்லா நிலத்தையும் ஒரே நாளில் நடாமல், பாதியை மாசி முதல் வாரத்திலும் மீதியை இரண்டு வாரம் கழித்தும் நடுவது சிறு தோட்டத்துக்குப் பொருந்தும். பறிப்பும் கூலியாள் தேவையும் பரவலாகும் என்பது வெளியே தெரியும் லாபம். அந்த இரண்டு வாரத்தில் கயிற்றையும் கல்லையும் எடுத்து மீண்டும் ஓர் இரவு ஊற்றை அளக்க வாய்ப்புக் கிடைப்பது இன்னொன்று. தையில் கண்ட அளவில் நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தால் இரண்டாம் பாதியில் கத்தரிக்கு ஒதுக்கிய பார்களைக் கொத்தவரைக்கோ கீரைக்கோ மாற்றலாம். பாதிக்குமேல் குறைந்திருந்தால் அந்தப் பார்களை நடாமல் விட்டு, அங்கே பரப்பவிருந்த மூடாக்கையும் நட்ட பார்களுக்கே கொடுத்துவிடலாம். சித்திரையிலும் போதாமல் போனால் முதலில் கைவிட வேண்டியது முதிர்ந்த வெண்டை. அதற்குள் பெரும்பாலான காயைக் கொடுத்து முடித்திருக்கும். அடுத்தது பூ உதிரத் தொடங்கிய தக்காளி. கத்தரியைக் கவாத்து செய்து, கால்வாசி இலையோடு நிறுத்தி, நாலு நாளைக்கு ஒரு தண்ணீரில் உயிரோடு வைத்திருந்தால் கோடை மழை இரண்டு விழுந்ததும் மறுதழைவு வரும். பந்தலில் நிற்கும் பீர்க்குக்கும் பாகலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அவற்றுக்கு ஒரு வாரம் தண்ணீர் தவறினால் கொடி காய்ந்துவிடும், ஆகவே மிச்சமிருக்கும் தண்ணீரில் முதல் பங்கு பந்தலுக்கு.